வல்லாரை அரைக்கும் பிள்ளையை மருத்துவத்துக்குத் துரத்தாதீர்கள்

மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்கச் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து என்னிடம் வந்திருந்த அந்த அம்மா உட்காரும்போதே கண் கலங்கினார். மகள் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வில் (O-Level) நன்றாகத்தான் செய்திருக்கிறாள், வேதியியலில் உயர்ந்த மதிப்பெண். ஆனால் பெரியப்பா, "வெளிநாட்டிலாவது மருத்துவம் படிக்க வை" என்று விடாமல் சொல்கிறாராம். பிள்ளையோ தேக்காவில் வல்லாரைக் கட்டு வாங்கி வந்து, அரைத்து, வடிகட்டி, முகக் களிம்பு செய்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பதறாதீர்கள் அக்கா என்றேன். அப்புறம் செலவுக் கணக்கைக் கேட்டதும் எனக்கே பதற்றம் வந்துவிட்டது. சிங்கப்பூர் எல்லா வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களையும் ஏற்பதில்லை. ஏற்கும் கல்லூரிகளுக்கென ஒரு பட்டியல் உண்டு. 2020இல் அது 160இலிருந்து 103ஆகக் குறைக்கப்பட்டது. பிறகு மாற்றங்கள் வந்திருக்கலாம், அதனால் இன்றைய பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லாத கல்லூரிக்கு உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு வெள்ளிகூட எடுக்காதீர்கள். பெரியப்பா கட்டணம் கட்டப் போவதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் தொடக்கக் கல்லூரி பற்றி உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நறுமணப் பொருள், அழகுப் பொருள் அறிவியலுக்கென்றே மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. உங்கள் மகள் சமையலறையில் தடுமாறும் இடங்கள்தான் அந்தத் துறையின் பாடங்கள். கற்றாழைச் சோற்றில் 98 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர். பதப்படுத்தும் பொருள் சேர்க்காவிட்டால் கிருமி வளர்ந்துவிடும். கற்றாழை இலையின் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் நிறப் பாலை நீக்காவிட்டால் சருமம் எரியலாம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, வெளிச்சம் பட்டால் சிதையும். வல்லாரையில் புண் ஆற உதவும் ஏசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஆனால் அதன் அளவு விளைந்த மண்ணுக்கும் பறித்த பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஒவ்வொரு குப்பியிலும் ஒரே அளவு இருக்கும்படி செய்வதுதான் இந்தத் தொழிலே.

ஆய்வுக்கூடத்தோடு வேலை முடிந்துவிடாது. இங்கே அழகுப் பொருளை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். கரப்பான் என்ற தோல் நோயைக் குணப்படுத்தும் என்று அதன் மேலே அச்சடிக்க முடியாது. இந்த விதிகள் தெரிந்த ஆள் நிறுவனங்களுக்குத் தேவை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவளுக்குப் பிடித்தது வேதியியலா, அழகான குப்பியா என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாதம் குறிப்பேடு எழுதட்டும்: எத்தனை கிராம், எந்த நாளில் நிறம் மாறியது, எப்போது கெட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாவரவியல் பூங்காவின் மூலிகைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள்; நானூறுக்கும் அதிகமான மூலிகை வகைகள், கட்டணம் கிடையாது. பிறகு அந்தக் குறிப்பேட்டோடு இருவரும் என்னிடம் வாருங்கள். பெரியப்பா வேண்டாம்.