மோட்டார் புரதங்களும் சினாப்சும்: கேள்வி பதில்

யாழினி: மோட்டார் புரதம் என்பது எது? மூளைச் செல்கள் வேதிப்பொருள்களின் வழியே பேசிக்கொள்வதில் அதற்கு என்ன வேலை?

பதில்: செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறை உடைத்துப் பெறும் ஆற்றலைக் கொண்டு, செல்லுக்குள் இருக்கும் இழைகளைப் பற்றி நகர்கின்ற புரதங்களை மோட்டார் புரதங்கள் என்கிறோம். கைனசினும் டைனீனும் நுண்குழல்களின் மீது நகர்கின்றன. மையோசின் ஆக்டின் இழைகளின் மீது நகர்கிறது. நரம்பணுவின் புரதங்களில் பெரும்பகுதி செல்லுடலில் உருவாகிறது. அவை தேவைப்படும் சினாப்சோ, அதாவது ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி கடத்தும் சந்திப்போ, வெகு தொலைவில் இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் ஆக்சான் என்னும் நரம்பணுக் கிளையை ஒரு புரதம் தானாகப் பரவியே கடக்க வேண்டுமென்றால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். கைனசின் சுமக்கும் சரக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை நகர்ந்துவிடுகிறது. சினாப்சில் செய்தி வேதிப்பொருளை (நரம்பியக்கடத்தியை) அடக்கிய குமிழ்கள் உருவாகத் தேவையான முன்னோடிப் பொருள்களைக் கிஃப்1ஏ என்னும் கைனசின் கொண்டுசெல்கிறது. பழுதானவற்றை டைனீன் செல்லுடலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.

ஓர் எச்சரிக்கை. கைனசின் ஒரு பெரிய உருண்டையை இழுத்துக்கொண்டு நிதானமாக நடைபோடும் அசைவுப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடி ஒன்றுக்கு 8 நானோமீட்டர் என்ற அளவு சரி. அந்த நிதானம்தான் பொய். நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதலில் உலுக்கப்பட்டபடியே அது நொடிக்கு நூறு அடி என்ற அளவில் நகர்கிறது.

ஆதவன்: நரம்பியக்கடத்தி நிறைந்த குமிழைச் சவ்வின் வரை தள்ளி உடைப்பது கைனசின்தானே? அசைவுப்படத்தில் அப்படித்தான் தோன்றுகிறது.

பதில்: இல்லை. கால்சியம் உள்ளே நுழைந்த பிறகு ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் ஸ்னேர் புரதங்கள் குமிழைச் சவ்வோடு இணைத்துவிடுகின்றன. கைனசின் ஓர் அடி எடுத்து வைப்பதற்கே சுமார் பத்து மில்லிநொடி வேண்டும். அசைவுப்படத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கதிரவன்: அப்படியானால் மோட்டார்கள் வெறும் சுமைதூக்கிகள். அவை சமிக்ஞையை ‘ஒழுங்குபடுத்துகின்றன’ என்பது மிகைக்கூற்று அல்லவா?

பதில்: செய்தியை அனுப்பும் பக்கத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பெறும் பக்கத்தைப் பாருங்கள். ஒரு சினாப்ஸ் எவ்வளவு வலுவானது என்பது அங்குள்ள ஏற்பிகளின், அதாவது நரம்பியக்கடத்தியை உணரும் புரதங்களின், எண்ணிக்கையையும் வகையையும் பெரிதும் பொறுத்தது. குளூட்டமேட் என்னும் நரம்பியக்கடத்தியை உணரும் என்எம்டிஏ ஏற்பியின் என்ஆர்2பி துணையலகைக் கிஃப்17 என்னும் கைனசின், செய்தியைப் பெறும் கிளையான டென்ட்ரைட்டுக்குள் கொண்டுசெல்வதை ஹிரோகாவாவின் ஆய்வுக்குழு 2000ஆம் ஆண்டில் காட்டியது. சரக்கை எங்கே இறக்குவது என்ற கேள்வி பின்னர் எழுந்தது. கால்சியத்தால் தூண்டப்படும் காம்கைனேஸ் 2 என்னும் நொதி, கிஃப்17-இன் வால்பகுதியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. உடனே சரக்கின் பிடி தளர்கிறது. சமிக்ஞை வந்து சேர்ந்த இடத்தில் எழும் கால்சியமே சரக்கு இறங்கும் இடத்தைத் தீர்மானிக்க உதவுகிறது என்றால், அந்தப் புரதத்தை வெறும் சுமைதூக்கி என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. கிஃப்17 இல்லாத எலிகளில் சினாப்சின் வலு மாறும் திறனும் நினைவாற்றலும் குன்றுகின்றன.

மலர்விழி: மோட்டார்களின் வேகத்தைக் கூட்டி நினைவாற்றலைப் பெருக்கும் மாத்திரை உண்டா?

பதில்: இல்லை. அப்படி விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள்.

கதிரவன்: உங்கள் விடையில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு மோட்டாரை நீக்கினால் செல்லில் பலவும் கெடும்; நினைவு குன்றியது அதன் பின்விளைவாக இருக்கலாம். மேலும், ஏற்பிகள் சவ்வின் மேல் பக்கவாட்டில் நழுவித்தான் சினாப்சை அடைகின்றன என்று காட்டப்பட்டுள்ளதே?

பதில்: நல்ல கேள்வி, இன்று வந்தவற்றில் நேரம் செலவிடத் தக்கது இதுவே. பக்கவாட்டு நழுவல் உண்மை. ஆனால் நழுவுவதற்கான ஏற்பிகள் முதலில் சவ்வின் மேல் இருக்க வேண்டும். அந்த இருப்பை நிரப்புவது செல்லுக்குள் இருக்கும் மறுசுழற்சிப் பைகள். டென்ட்ரைட்டின் முள் போன்ற புடைப்புகளில் ஆக்டின் நிறைந்திருக்கிறது, நுண்குழல்கள் அவ்வப்போது மட்டுமே எட்டிப் பார்க்கின்றன. ஆகவே அங்கு மையோசின் தேவை. மையோசின் 5பி ஓய்வில் மடிந்து, தன் வாலால் தன் தலையையே அடக்கிக் கிடக்கிறது. என்எம்டிஏ ஏற்பி வழியே கால்சியம் புகுந்ததும் அது விரிந்து, குளூட்டமேட்டை உணரும் மற்றொரு வகையான ஆம்ப்பா ஏற்பிகளைக் கொண்ட பைகளைப் பற்றி முள்ளுக்குள் இழுத்துவருகிறது. நீங்கள் எழுப்பிய ஐயத்தைத் தவிர்க்கவே 2008இல் வெளியான ஆய்வில் மோட்டாரை நிரந்தரமாக நீக்காமல், ஏடிபி அமரும் குழியை மட்டும் சற்றே மாற்றி, அந்தக் குழிக்கு மட்டும் பொருந்தும் வேதிப்பொருளைச் செலுத்தித் தேவையான கணத்தில் நிறுத்தினார்கள். மோட்டார் நின்றதும் சினாப்சின் வலுவூட்டலும் நின்றது. செல்லின் மற்ற பணிகள் கெடுவதற்கு அங்கே அவகாசமே இல்லை.

கதிரவன்: கூட்டுவதற்கு மட்டும்தானா மோட்டார்?

பதில்: குறைப்பதற்கும் உண்டு. மையோசின் 6 மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் நகர்வது. ஆம்ப்பா ஏற்பிகளைச் செல்லுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வதில் அதற்குப் பங்குண்டு.

இளங்கோ: இதெல்லாம் கிளர்த்தும் சினாப்சுகளுக்குத்தானே? அடக்கும் சினாப்சுகளில்?

பதில்: அங்கும் உண்டு. அடக்கும் நரம்பியக்கடத்தியான காபாவை உணரும் ஏற்பிகளைக் கிஃப்5 என்னும் கைனசின், ஹாப்1 என்னும் இணைப்புப் புரதத்தின் துணையோடு கொண்டுசேர்க்கிறது. ஹன்டிங்டன் நோயில் திரிந்த ஹன்டிங்டின் புரதம் இந்தப் போக்குவரத்தைக் குலைப்பது ஆய்வில் காணப்பட்டுள்ளது.

பெயர் குறிப்பிடாதவர்: என் மகனுக்குக் கிஃப்1ஏ மரபணுவில் மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. என்ன ஆகும்?

பதில்: ஒரே மரபணுவில் நேரும் வெவ்வேறு மாற்றங்கள் வெவ்வேறு கடுமையுடன் வெளிப்படுகின்றன. அறிக்கையைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வது தவறு. நரம்பியல் மருத்துவரையும் மரபியல் ஆலோசகரையும் அணுகுங்கள்.

செல்வி: வேகத்தைக் கூட்டும் மாத்திரை அல்லது ஊசி எதுவும் இல்லையா?

பதில்: மலர்விழிக்குத் தந்த விடையைப் படியுங்கள். வேகம் கூடுவதே நல்லது என்ற எண்ணமும் தவறு. மைட்டோகாண்டிரியாவைச் சுமக்கும் கைனசினோடு மிரோ என்னும் புரதம் இணைந்திருக்கிறது. கால்சியம் மிகுந்த இடத்தில் மிரோ அதை உணர்ந்து வண்டியை நிறுத்துகிறது. ஓயாமல் செயல்படும் சினாப்சுக்கு ஏடிபி கிடைக்க, மைட்டோகாண்டிரியா அங்கே நின்றாக வேண்டும்.