பெரிய ஆர்டர், 60 நாள் கடன்: ஒத்துக்கொள்ளலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு நடத்துகிறேன். ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் வாரம் 400 லிட்டர் கடலை எண்ணெய் கேட்கிறது. லிட்டருக்கு 280 ரூபாய், பணம் 60 நாள் கழித்து. எனக்கு அடக்கம் 240. கையில் 3 லட்சம் இருக்கிறது. போதாததற்கு நகையை அடகு வைக்கலாமா? 'துணிந்து இறங்கு, வள்ளுவரே சொல்லியிருக்கிறார்' என்கிறார் மாமனார்.

பதில்: மாமனார் சொல்வது 'எண்ணித் துணிக கருமம்' குறளாக இருக்கும். 'துணிக'வுக்கு முன்னால் 'எண்ணி' நிற்கிறதே! எதை எண்ணுவது என்பதை அதே தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் முதல் குறள் சொல்கிறது: 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.' கையை விட்டுப் போவதைத்தான் முதலில் கணக்குப் பார்க்கச் சொல்கிறார். நாம் லாபத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

சரி, போவதைப் பார்ப்போம். மண்டியில் நிலக்கடலைப் பருப்புக்கு ரொக்கம். பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்துத்தான் 240 என்று வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 96,000 ரூபாய் வேண்டும். நான்காவது வாரம் மண்டிக்குப் போகும்போது கையில் 12,000தான் மிஞ்சும். எட்டு வாரத்தில் 7,68,000 ரூபாய் போயிருக்கும். முதல் பில்லுக்கே அப்போதும் காசு வந்திருக்காது. வாரம் 16,000 லாபம் என்பது அதுவரை காகிதத்தில்தான். 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்' என்று மூன்றாம் குறள் சொல்வது அச்சு அசலாக இதைத்தான்.

ஆர்டரில் குறையில்லை, கடன் நாளில்தான் வில்லங்கம். சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், இலவசம்தான். குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. பேரம் பேசும்போது இதைப் பதமாகச் சொல்லுங்கள். வக்கீல் நோட்டீஸ் மாதிரி வேண்டாம்.

அளவையும் வாரம் 100 லிட்டரில் ஆரம்பியுங்கள். பணம் 60 நாள் இழுத்தாலும் ஒன்பது லோடுக்கு 2,16,000தான் முடங்கும், கடைக் கல்லா தப்பிக்கும். மூன்று பில் நாள் தவறாமல் வந்தால் 150 ஆக்கலாம். 400க்குக் குறைந்தால் வேண்டாம் என்கிறார்களா? விட்டுவிடுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.