குளத்து விளையாட்டு அச்சுக்குப் போகும் முன்

கேள்வி: குளத்துத் தண்ணீரை நான்கு வயல்காரர்கள் முறை வைத்துப் பங்கிடுவதுபோல ஒரு போர்டு கேம் செய்திருக்கிறேன். மழை, விதைப்பு, சந்தை என்று 60 அட்டைகள், ஒரு போர்டு. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சிவகாசியில் 1,000 பெட்டி அடிக்கலாமா? யாரும் திருடாமல் இருக்க முதலில் பேடன்ட் வாங்க வேண்டுமா?
– பள்ளி ஆசிரியை, தென்காசி

பதில்: டீச்சர், மடை திறக்கும் முறையை விளையாட்டாக்கியதைப் படித்ததும் எனக்கே ஆடிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆனால் 1,000 பெட்டி இப்போது வேண்டாம். வீட்டார் ஆடியபோது விதிகளை விளக்கப் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். கடையில் வாங்குகிறவருக்கு விதித்தாள் மட்டும்தான் துணை.

முன்பின் தெரியாத நான்கு பேரிடம் பெட்டியைக் கொடுங்கள். தள்ளி உட்காருங்கள். தப்பாக ஆடினாலும் வாயைத் திறக்காதீர்கள். விதித்தாளை எந்த இடத்தில் மறுபடி புரட்டுகிறார்கள், யார் தன் முறை வருவதற்குள் போனை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது விளையாட்டை அப்படி ஆடவிட்டபோது, மூன்றாம் சுற்றில் ஒரு கல்லூரிப் பெண், "இனிமே நான் என்ன பண்ணினாலும் தோத்துடுவேன்ல?" என்றாள். எட்டு மாதம் நான் பார்க்காத ஓட்டை அது! முந்துகிறவரை மற்றவர்கள் எட்டிப் பிடிக்க வழியே வைக்கவில்லை. உங்கள் ஆட்டத்தில் தலைமடைக்காரர், அதாவது தண்ணீர் முதலில் பாயும் வயல்காரர், அப்படி ஜெயித்துக்கொண்டே போகிறாரா என்று கட்டாயம் பாருங்கள்.

மழை, விதைப்பு, சந்தை மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தே ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். 1995-ல் வந்த 'கட்டான்' என்ற போர்டு கேமை உருவாக்கிய க்ளாஸ் டாய்பர், பல் செட் செய்யும் தொழிலில் இருந்தவர். முதலில் அவர் மனதில் இருந்தது இன்னும் பெரிய விளையாட்டு. அதிலிருந்து பிரித்தெடுத்தவை பின்னால் தனி விளையாட்டுகளாகவே வந்தன. சந்தையை எடுத்துவிட்டு ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

பேடன்ட் பற்றிய கவலை வேண்டாம். விளையாடும் முறைக்கு நம் நாட்டில் பேடன்ட் கிடையாது. பேடன்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவு அதை விலக்கிவிடுகிறது. நீங்கள் எழுதிய விதித்தாளுக்கும் படங்களுக்கும் பதிப்புரிமை (காப்பிரைட்) தானாகவே உண்டு. பெயரை வேண்டுமானால் டிரேட்மார்க் பதியலாம். பயந்து ஒளித்து வைத்தால் ஆடிப் பார்க்க ஆள் கிடைக்காது.

ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள் என்றால், 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்திருந்தால் அந்தச் செலவையும் அலைச்சலையும் கணக்கில் சேருங்கள்.

விலைக்கு நான் வைக்கும் கணக்கு: ஒரு பெட்டிக்கு ஆகும் செலவைப்போல ஐந்து மடங்கு. 200 ரூபாய் ஆனால் 1,000 ரூபாய். அதிகமாகத் தெரியும். கடைக்காரர் பாதி வரை எடுத்துக்கொள்வார், அப்புறம் லாரி வாடகை, நசுங்கிய பெட்டிகள் எல்லாம் இருக்கின்றன.

அட்டையின் பின்புறத்தில் வெள்ளை ஓரம் வைக்காதீர்கள். வெட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எந்த அட்டை என்று அடையாளம் தெரிந்துவிடும். எல்லா அட்டைகளையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள். என் முதல் விளையாட்டுக்கு ஒரு அச்சகத்தில் இரண்டு தவணையாக அடித்துக் கொடுத்தார்கள். பின்பக்க நீலம் இரண்டு விதமாக வந்து 500 பெட்டியும் வீணாயிற்று.

இப்போதைக்கு டிஜிட்டல் பிரிண்டில் 30 பெட்டி போதும். சிவகாசிக்கு ஜனவரி கழிந்து போங்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் (புது வருடக் காலண்டர்களின் மாதிரித் தொகுப்பு) வந்துவிட்டால் வருடக் கடைசிவரை அங்கே காலண்டர் வேலைதான் ஓடும். உங்கள் 60 அட்டைகளை நின்று கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.