இறக்குமதி லேடீஸ் டிரஸ் சுங்க வரிப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வரும்? கேள்வி பதில்

சென்னையில் கடை வைத்திருப்பவர்: சார், சீன சப்ளையர் இன்வாய்ஸில் டாப்புக்கு 6206 என்று சுங்க கோட் போட்டிருக்கிறார். அதையே சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரத்தில் (பில் ஆஃப் என்ட்ரி) போட்டுவிடலாமா?

கூடாது. கோட் தப்பானால் அபராதமும் வட்டியும் கட்டப்போவது நீங்கள், சப்ளையர் இல்லை. சாம்பிளை வாங்கி வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தறித் துணி என்றால் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக இழை இழையாகப் பிரியும், பனியன் துணியில் கண்ணி கண்ணியாகக் கோத்திருப்பது தெரியும். பனியன் துணி என்றால் வரிப் பட்டியலின் 61ஆம் அத்தியாயம், தறி என்றால் 62, கோட்டின் முதல் இரண்டு இலக்கம் அதுதான். பனியன் துணி டாப் பெண்கள் பிளவுஸ், சட்டைத் தலைப்பான 6106க்குப் போகும், ஆனால் இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தாலோ, அடியில் இறுக்கும் பட்டி இருந்தாலோ போகாது. 10க்கு 10 சென்டிமீட்டர் இடத்தில் எண்ணிப் பார்த்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சராசரி 10 கண்ணிக்குக் குறைவாக வந்தாலும் போகாது. கனமான ஸ்வெட்டர் வகை 6110க்குப் போவது இதனால்தான். டிஷர்ட் 6109, அதில் ஆண் பெண் பிரிவே இல்லை.

மதுரை: பாதி காட்டன், பாதி பாலியஸ்டர். எது கணக்கு?

எடையில் எது அதிகமோ அது. சரிபாதி என்றால் பட்டியலில் எந்த இழையின் அத்தியாயம் கடைசியாக வருகிறதோ அது, அதாவது பாலியஸ்டர்.

கோவை: யூனிசெக்ஸ் சட்டை?

முன்பக்கம் இடது மேலே வந்து மூடினால் ஆண், வலது மேலே வந்தால் பெண். வெட்டே வேறு மாதிரி தெளிவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. எதுவும் பிடிபடவில்லை என்றால் பெண்கள் தலைப்பு.

ஈரோடு: பிரிண்ட் குர்த்தா, பிளெயின் பேண்ட், துப்பட்டா மூன்றும் ஒரே கவர், ஒரே விலை. ஒரு செட்தானே? செட்டை ஒரே பொருளாகப் பார்க்கும் பொது விதி 3(பி) இருக்கிறதே?

துணிக்கு அந்த விதி வரை போகவே வேண்டாம். துணிகளுக்கான பிரிவு 11இன் 14ஆம் குறிப்பு, வேறு வேறு தலைப்பில் வரும் ஆடைகள் செட்டாகக் கட்டி வந்தாலும் தனித்தனியாகத்தான் என்று நேராகவே சொல்கிறது.

அதே ஈரோடு: அப்படியானால் என்செம்பிள் என்று ஏன் ஒரு வகை வைத்திருக்கிறார்கள்?

நல்ல கேள்வி, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். என்செம்பிள் என்பது ஒரே தலைப்பில் ஒன்றாகப் போகும் ஆடைச் செட், மேலே ஒன்று, கீழே ஒன்றோ இரண்டோ. எல்லாம் ஒரே துணியாக, நெசவு, ஸ்டைல், நிறம், கலவை எல்லாம் ஒன்றாக, அளவும் பொருந்தி வர வேண்டும். உங்கள் குர்த்தா பிரிண்ட், பேண்ட் பிளெயின், அதனால் அடிபட்டுப் போகிறது. துப்பட்டா எப்படியும் அந்தக் கணக்கில் சேராது, தறித் துணி என்றால் சால்வை, ஸ்கார்ஃப் தலைப்பான 6214.

திருச்சி: மார்க்கெட்டில் எல்லாரும் ஒரே பீஸாகத்தான் போடுகிறார்கள் சார்.

எல்லாரும் போடுவதால் சரியாகிவிடாது. பல ஆடைகளுக்கு வரி சதவீதத்தில் மட்டும் இல்லை, "இத்தனை சதவீதம் அல்லது பீஸுக்கு இத்தனை ரூபாய், எது அதிகமோ அது" என்று இருக்கிறது. மூன்றை ஒன்றாக எண்ணிக் காட்டினால் பீஸ் கணக்கு குறைகிறது, ஆடிட்டில் கண் போவது அங்கேதான். சந்தேகம் இருந்தால் சரக்கு கிளம்பும் முன்பே சுங்க அட்வான்ஸ் ரூலிங் (எந்தத் தலைப்பு என்று முன்கூட்டியே தரும் முடிவு) கேளுங்கள்.

சேலம்: சப்ளையர் 6204 கொடுத்திருக்கிறார், போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

தூத்துக்குடி: பங்களாதேஷ் ரெடிமேடை இங்கேயே இறக்கலாமா?

2025 மே மாத டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) அறிவிப்புப்படி மும்பை அருகே உள்ள நவா ஷேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும்தான்.

கரூர்: ஜிஎஸ்டி எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

திருப்பூர்: அமெரிக்க பையர் பாலியஸ்டர் பிளவுஸில் இடுப்புக்குக் கீழே சின்னப் பாக்கெட் வைக்கச் சொல்கிறார். ஏன் சார்?

தறித் துணிதானே? பாக்கெட் வந்துவிட்டால் தறித் துணி பிளவுஸ் தலைப்பான 6206இல் நிற்காது, மற்ற ஆடைகள் வரும் 6211க்குப் போகும். அமெரிக்காவில் செயற்கை இழை பிளவுஸுக்கு 6206இல் அடிப்படை வரி 26.9 சதவீதம், 6211இல் 16. கூடுதல் வரிகள் தனி. பாக்கெட்டை இடுப்புக் கோட்டுக்குக் கீழே சரியாக வையுங்கள், மேலே ஏறினால் பலன் இல்லை.

வேலூர்: சப்ளையர் கொடுத்த கோட் 6106, சரியா சார்?

பனியன் துணியா, தறியா, என்ன கலவை, பாக்கெட் எங்கே, இதை எழுதிவிட்டுக் கேளுங்கள், சொல்கிறேன்.