புதைபடிவம் சேகரிப்பதை எப்படித் தொடங்குவது? பார்த்து அடையாளம் காண்பது எப்படி?

பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போய்ப் பாருங்கள். நான் தொடங்கியதும் அங்கேதான். ஊரைத் தாண்டினால் மழைத்தண்ணீர் அரித்துப் போட்ட களிமண் மேடுகள், மரம் மட்டை எதுவும் இருக்காது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. மழை ஓய்ந்த பிறகு போவது நல்லது. தோண்டவே வேண்டாம், மழையே கழுவி மேலே எடுத்து வைத்திருக்கும்.

முதலில் பெலம்னைட்தான் கண்ணில் படும். விரல் பருமனில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும். கணவாய்க்கு உறவான ஒரு கடலுயிரின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதி அது. உடைந்த துண்டின் குறுக்கு முகத்தை வெயிலில் பாருங்கள்: நடுவிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பி போல நார்நாராக விரிந்திருக்கும். பக்கத்திலேயே ஜிப்சமும் மின்னிக்கொண்டு கிடக்கும். நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும், பெலம்னைட்டில் விழாது.

அடுத்தது அம்மோனைட், சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடலுயிர். அதை நத்தை என்று நினைத்துவிடுவார்கள். நத்தை ஓட்டின் உள்ளே தடுப்பு கிடையாது. அம்மோனைட்டில் அறை அறையாகத் தடுப்புகள் உண்டு. ஓடு உதிர்ந்த இடத்தில் அவற்றின் விளிம்பு நெளிநெளியான கோடாகத் தெரியும். 2020-ல் குன்னம் பக்கம் கிடைத்த பெரிய உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட படிவுகள் அவை என்று நிபுணர்கள் பிறகு விளக்கினார்கள்.

கல்லான மரம் பார்க்க பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. இரண்டுமே பாதுகாக்கப்பட்ட இடங்கள், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அப்புறம், எடுப்பதைவிட எழுதி வைப்பது முக்கியம். முதல் தடவை காரையிலும் அரியலூர் கல்லங்குறிச்சியிலும் பொறுக்கிய சிப்பிகளை ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு ஊர்ப் பாறைகளுக்கும் நடுவே 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி! எது எங்கே கிடைத்தது என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை, நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை. அதிலிருந்து, கல்லைத் தொடுவதற்கு முன்பே பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்துவிடுகிறேன். பிறகு ஊர், ஓடை, தேதி எழுதிய சீட்டோடு செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிக்கொள்கிறேன். பெயர் தெரியாதவற்றின் படங்களோடு அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே வைத்திருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.