கதை சொன்னா லிஃப்ட்டுல ஏத்துவாங்களா?

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை. நான்கு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுப் போன வருடம் சென்னை திரும்பினோம். சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்டில் வீடு. அங்கே இருந்தபோது ஆபீஸில் நிறவெறி பற்றி 'கதை வட்டம்' ஒன்று நடத்தினார்கள். ஒவ்வொருவரும் தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். என் நிறத்தையும் நான் பேசும் விதத்தையும் கிண்டல் செய்தவர்களைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தேன். அழுதேன், மனசு லேசானது. இங்கே வந்து பார்த்தால், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு என் அத்தை (மாமியார்) தனி டம்ளர் வைத்திருக்கிறார். வேலைக்கு வருபவர்கள் சாமான் ஏற்றும் லிஃப்ட்டில்தான் வரவேண்டும் என்பது அப்பார்ட்மென்ட் விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை க்ளப் ஹவுஸில் அவர்களை உட்காரவைத்து, அவர்கள் கதையைச் சொல்லச் செய்து, குடியிருப்பவர்கள் கேட்கலாமே என்று நினைத்தேன். அத்தை, "பழசை ஏன் கிளறுற?" என்கிறார். அக்காவிடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "கதை சொன்னா லிஃப்ட்டுல ஏத்துவாங்களாம்மா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் நினைப்பது தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த அக்காவின் கேள்வியில் வந்து நின்றேன். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். விலை விசாரித்திருக்கிறார்.

நீங்கள் நினைத்தது தப்பில்லை. ஆனால் நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்பதில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது.

நீங்கள் அமெரிக்காவில் உட்கார்ந்த அந்த வட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. 1963-ல் மிசிசிப்பியில் கறுப்பின இளைஞர்கள் 'ஃப்ரீ சதர்ன் தியேட்டர்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டுவிட்டு, முடிந்ததும் ஜனங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். விவாதம் என்று ஆரம்பித்தால் நம் ஊரில் என்ன நடக்குமோ அதேதான் அங்கும்: படித்தவர்களும் பேசிப் பழகியவர்களும் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஓ'நீல் காலப்போக்கில் அதை மாற்றினார். கருத்து வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள், வட்டமாக உட்காருங்கள், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காதை மட்டும் கொடுங்கள். சொல்ல விருப்பமில்லையா, அடுத்தவருக்கு விட்டுவிடலாம்.

இந்த முறை வேலை செய்ய வேண்டுமென்றால் வட்டத்தில் இருக்கும் எல்லோரும் கதை சொல்ல வேண்டும். உங்கள் ஆபீஸில் நீங்கள் பேசினீர்கள், பக்கத்திலிருந்தவரும் பேசினார். பேசியதற்காக அடுத்த மாதம் யாரும் உங்களை வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை. க்ளப் ஹவுஸில் நீங்கள் போட நினைப்பது அப்படி இல்லை. ஒரு பக்கம் சொல்பவர்கள், எதிரே கேட்பவர்கள். கேட்பவர்கள் எல்லோரும் சம்பளம் கொடுப்பவர்கள். அதற்குப் பெயர் மேடை. சி பிளாக் வீட்டில் பழைய சோறு கொடுத்ததை அந்த வீட்டுக்காரம்மா முன்னாலேயே ஒருவர் எப்படிச் சொல்வார்? "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க" என்றுதான் சொல்வார். நீங்களும் கைதட்டிவிட்டு டீ குடிப்பீர்கள்.

இன்னொன்றும் நடக்கும். யாராவது ஒருவர் உண்மையிலேயே மனசு விட்டுச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அழுகை வரும் (உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் வரும்). நீங்கள் அழுதால் தண்ணீர் எடுத்துவர முதலில் எழுந்திருப்பவர் அவராகத்தான் இருப்பார்.

தென்னாப்பிரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்தார்கள். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரத்தில் முதல் விசாரணை. 21,000-க்கும் மேற்பட்டவர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள், அவர்களில் சுமார் 2,000 பேர் சபையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அவரவர் தாய்மொழியில் பேசலாம். பேசுபவருக்குப் பக்கத்திலேயே, கையைப் பிடித்துக்கொள்ளவும் கைக்குட்டை கொடுக்கவும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். போலீஸ் சுட்டதில் பார்வை போன ஒருவர், இத்தனை நாள் தன்னை நோயாளியாக்கியது கதையைச் சொல்ல முடியாததுதான், சொன்ன பிறகு கண் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது என்றார். உங்களுக்கு மனசு லேசானது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொய்யில்லை. உண்மையிலேயே நடக்கிற விஷயம்தான்.

ஆனால் அந்தச் சபையில் கொடுமை செய்தவர்களும் வந்து நின்றார்கள். நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் பொது மன்னிப்பு என்று விதி. 7,000-க்கும் அதிகமானவர்கள் மனுப் போட்டார்கள், பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் பணம். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருடம் வருடாவருடம் உதவித்தொகை தரவேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003-ல் ஒரே தவணையாக ஆளுக்கு 30,000 ராண்ட் (அந்த நாட்டுப் பணம்) அறிவித்தது. எங்கள் கண்ணீரை வாங்கிக்கொண்டு எங்களை விட்டுவிட்டார்கள் என்று பலருக்குக் கசப்பு மிஞ்சியது. உங்கள் அக்காவின் கேள்வியை அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதல் கதையை நீங்கள் சொல்லுங்கள். அமெரிக்கக் கதையை அல்ல, அதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. டம்ளர் கதையைச் சொல்லுங்கள். அதைப் பார்த்த முதல் நாள் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதுவும் கதையில் வரவேண்டும்.

கஷ்டம்தான். நானே தொடங்கிவைக்கிறேன். பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் ஒரு நெளிந்த அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். பாத்திரம் தேய்க்க வரும் ஆயாவுக்கு. எனக்கு ஒன்பது வயதிருக்கும். விளையாடிவிட்டு ஓடிவந்த வேகத்தில் அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டார். கிணற்றடியில் நிறுத்தி என் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஆயா அங்கேயே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மறுநாள் எப்போதும்போல வந்தார். என் தலையைத் துவட்டிவிட்டதுகூட அவர்தான் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. என் அம்மா நல்லவர். அந்த ஆயாவின் மகள் கல்யாணத்துக்குத் தோடு போட்டவர். இரண்டும் ஒரே கைதான். இதைச் சொல்லும்போது இப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சொல்லும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. அம்பேத்கர் தன் சிறுவயதில், 1901-ல், அண்ணன் முதலானவர்களோடு அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போன கதையை எழுதிவைத்திருக்கிறார். நல்ல உடுப்பில் ரயிலிறங்கிய பிள்ளைகளிடம் ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் பேசினார், சாதி தெரியும்வரை. இரட்டிப்புக் கூலி தருகிறோம் என்றும் மாட்டுவண்டிக்காரர் அவர்களோடு உட்கார்ந்து ஓட்டத் தயாரில்லை. பிள்ளைகளே ஓட்ட, அவர் கூடவே நடந்துவந்தார். தூக்குகளில் நிறையச் சாப்பாடு இருந்தது, தண்ணீர் கொடுக்க ஆளில்லை. சாப்பிடாமலே படுத்தார்கள். இவ்வளவுதான் கதை. 'கொடுமை', 'அநியாயம்' என்ற வார்த்தைகளை அவர் நம் தலையில் கொட்டுவதில்லை. மூடி திறக்காத அந்தச் சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் நமக்கு மறப்பதில்லை. நீங்களும் டம்ளர் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, யார் கழுவுகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதைக் கேட்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் வட்டத்தில் குடியிருப்பவர்கள் மட்டும் போதும். பத்துப் பேர் வந்தாலே பெரிய விஷயம். "நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல" என்று ஒருவர் ஆரம்பிப்பார். வாதாட வேண்டாம், அடுத்தவரிடம் போங்கள். போன் எல்லாம் ஒரு கூடையில் போகட்டும். நல்லது செய்த கதைகள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தீபாவளிப் புடவைக் கதையிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அதற்கு முன்பே லிஃப்ட். உங்கள் அசோசியேஷனின் அடுத்த கூட்டத்தில் அந்த விதியை எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கதை கேட்ட பிறகு மனம் மாறி விதி மாறும் என்று காத்திருக்க வேண்டாம். சில சமயம் விதி மாறிய பிறகுதான் மனம் மெதுவாக வருகிறது. ஒன்றாக லிஃப்ட்டில் நின்று பழகிய பிறகு வரும் பேச்சு வேறு.

அக்காக்களின் கதை? அது அவர்கள் இஷ்டம். அவர்களுக்குள் உட்கார்ந்து பேசத் தோன்றினால், அவர்கள் பகுதியில், நீங்கள் இல்லாமல் நடக்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது, அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்ய அலைவதற்கு ஒரு நாள் லீவு கொடுத்தாலும் உதவிதான்.

உங்கள் அக்காவிடம் அவருடைய சாதி என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கம் வேலைக்கு வருபவர்களில் பலர் கண்ணகி நகர், பெரும்பாக்கத்திலிருந்து வருபவர்கள். 2000-ம் ஆண்டிலிருந்து நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் எடுத்து அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தவர்கள். விலாசம் சொன்னாலே வேலை கிடைக்காது என்பதுதான் அங்கிருக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்னது. 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடிய கார்த்திகா, 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று ஊர் பெயரோடு ஊரெல்லாம் பேசப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர்களிடம் காயத்தின் கதை மட்டுமே இருக்கிறது என்று நாம் முடிவுகட்டிக்கொண்டு போனால் அதுவும் ஒரு தனி டம்ளர்தான்.

கடைசியாக உங்கள் அத்தை. "பழசை ஏன் கிளறுற?" என்பவரிடம், டம்ளர் இன்றைக்குக் காலையிலும் அங்கேதானே இருந்தது என்று சொல்லலாம்தான். சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார். அதைவிட, ஒரு சாயங்காலம் பூ கட்டும்போதோ கீரை ஆயும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கென்று எப்போதாவது யாராவது தனி டம்ளர் வைத்திருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவர் வயதுப் பெண்கள் பலர் மாதம் மூன்று நாள் கொல்லைப்புறத்திலோ திண்ணையிலோ தனித் தட்டு, தனி டம்ளரோடு உட்கார்ந்து எழுந்தவர்கள். உடனே பதில் வராது. வந்தால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களுக்குத்தான் அந்த வட்டத்தில் உட்கார்ந்த பழக்கம் இருக்கிறதே.

அசோசியேஷன் கூட்டம் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. லிஃப்ட் என்னவாயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.