கொவிட்டுக்கு அமொக்சிசிலின் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: என் கணவருக்குக் கொவிட் வந்தபோது டொக்டர் பனடோலும் ஓய்வும் போதும் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை, பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள், வைரஸ் கலத்துக்குள்ளே தனக்கென்று அறை கட்டி அதற்குள் பெருகுகிறது என்கிறாள். அந்த அறைக்குள் மருந்து போக முடியாததுதான் காரணமா? வீட்டில் 71 வயது மாமியார் இருக்கிறார். அவருக்கு நீரிழிவும் கொலஸ்ட்ரோலும் உண்டு. அவருக்குத் தொற்றினால் என்ன செய்வது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, அறை பற்றி மகள் சொன்னது சரி. ஆனால் அமொக்சிசிலின் கேட்காததற்கு அது காரணமில்லை. அந்த மருந்து பக்டீரியாவின் கலச்சுவர் உருவாவதைத் தடுப்பது. வைரசுக்குக் கலச்சுவரே கிடையாது. மருந்து எங்கே போய்ச் சேர்ந்தாலும் அங்கே அதற்கு வேலை இல்லை.

இப்போது அறைக்கு வருவோம். கொரோனா வைரஸ் நம் கலத்துக்குள் நுழைந்ததும் தன் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ-யை வெளியே விடுகிறது. ஏறக்குறைய 30,000 எழுத்துகள் கொண்ட நீளமான இழை அது. கலத்தின் கருவுக்குள் போவதில்லை, கருவைச் சுற்றியுள்ள குழியவுருவிலேயே நின்றுவிடுகிறது. புரதம் செய்யும் நம் இறைபோசோம்கள் அதைக் கலத்தின் சொந்தச் செய்தி என்றே எடுத்துக்கொண்டு நீண்ட புரதச் சங்கிலிகளைச் செய்து கொடுக்கின்றன. வைரசின் இரண்டு நொதியங்கள் அவற்றை வெட்டி 16 புரதங்களாக்குகின்றன.

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும்தான் கட்டுமான வேலைக்கு முக்கியமானவை. உங்கள் மகளின் புத்தகத்தில் அகமுதலுருச் சிறுவலை என்று ஒன்று வரும், கலத்துக்குள் இருக்கும் சவ்வு வலை அது. இந்தப் புரதங்கள் அதன் மென்சவ்வை இழுத்து, வளைத்து, பலூனுக்குள் பலூன் வைத்ததுபோல இரட்டைச் சவ்வுள்ள குமிழ்களாக மாற்றுகின்றன. மகள் சொன்ன அறை இதுதான். ஒரு குமிழின் குறுக்களவு 200 முதல் 300 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் சுமார் 4,000 குமிழ்களை வரிசையாக வைக்கலாம். சவ்வு முழுவதும் நம்முடையது, வைரஸ் கொண்டுவந்ததல்ல.

ஏன் இவ்வளவு சிரமம்? ஆர்.என்.ஏ-யைப் பிரதியெடுக்கும்போது இரண்டு இழைகள் சேர்ந்த வடிவம் உருவாகிறது. நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ ஆரோக்கியமான கலத்தின் குழியவுருவில் அநேகமாக இருக்காது. அதைக் கண்டால் கலத்தின் உணர்புரதங்கள் உடனே விழித்து, வைரசை எதிர்க்கத் தூண்டும் இன்டர்பெரோன் என்ற புரதத்தைச் சுரக்க வைத்துவிடும். குமிழுக்குள் இருந்தால் அவற்றின் கண்ணில் படுவது குறைவு.

அப்படியானால் புதிய ஆர்.என்.ஏ எப்படி வெளியே வருகிறது? இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில் குமிழ்கள் மூடியே தெரிந்ததால் இது பல வருடங்கள் புதிராகவே இருந்தது. 2020இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள், எலிகளைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றில், இரண்டு சவ்வுகளையும் ஊடுருவி நிற்கும் கிரீட வடிவத் துளையைக் கண்டார்கள். மூன்றாம் புரதத்தின் பல பிரதிகள் அதில் இருக்கின்றன. இந்தத் துறையில் வந்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த கண்டுபிடிப்பு இதுதான். அந்தத் துளையை அடைக்கும் மருந்து ஒருநாள் வரவேண்டும் என்பது என் ஆசை.

இன்றுள்ள மருந்துகள் வேறு இடங்களில் தாக்குகின்றன. ரெம்டெசிவிர் பிரதியெடுக்கும் நொதியத்தைத் தடுமாற வைக்கிறது. நிர்மட்ரெல்விர் அதற்கும் முன்பே சங்கிலி வெட்டும் நொதியத்தைத் தடுக்கிறது. சங்கிலி வெட்டுப்படாவிட்டால் பிரதியெடுக்கும் நொதியமே கிடைக்காது. இரண்டும் கலத்துக்குள் போகக்கூடியவைதான். ஆனால் வைரஸ் பெருகி முடிந்த பிறகு கொடுத்துப் பெரிய பலன் இல்லை. நிர்மட்ரெல்விரை அறிகுறி தொடங்கி 5 நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் கணவரைப்போல் வேறு நோயில்லாத பெரும்பாலானோருக்கு இவை தேவைப்படாது, உடம்பே பார்த்துக்கொள்ளும்.

மாமியார் விஷயம் வேறு. வயதும் நீரிழிவும் இருப்பதால், தொற்று என்று தெரிந்த அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். அவர் குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள். நிர்மட்ரெல்விருடன் சேர்த்துத் தரப்படும் ரிட்டோனாவிர், சிம்வாஸ்டட்டின் போன்ற சில கொலஸ்ட்ரோல் மருந்துகளோடு ஒத்துப்போகாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, குழப்பமாகப் பேசினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும். அந்த வைரசும் இதே சிறுவலையின் சவ்வைக் குழித்துத்தான் பெருகுகிறது, அதற்கும் அன்டிபயோட்டிக் உதவாது. எது என்று தெரியும்வரை பரசிட்டமோல் (பனடோல்) மட்டும், அளவோடு கொடுங்கள். இபுபுரோபன், டைக்ளோபெனக் போன்ற வலிமருந்துகள் வேண்டாம், இரத்தக் கசிவு ஆபத்து உண்டு. மாமியார் அஸ்பிரின் குடிப்பவர் என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் முழு இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.